கடைசி இடத்துக்குப் போட்டி

ஷூ லேஸ் மூன்றாவது முறையாக அவிழ்ந்தது. அவிழ்ந்தது என்றால், அவன் அவிழ்த்தான்.

ஏரியைச் சுற்றி ஓடும் போட்டியில் இவ்வளவு பின்தங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மற்றவர்கள் எல்லாம் எதிர்க்கரையில் வண்ணப் பொட்டுகளாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. மலையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்க அவனுக்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

கிளப்பில் அவனுக்கு வைத்திருந்த பெயர் வேகத்தடை. வார நாட்களில் இதே பாதையை அவன் தனியாக என்ன வேகத்தில் சுற்றி வருகிறான் என்பது கிளப்புக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காரணம், பல் டாக்டர்.

போட்டி நடக்கும்போதெல்லாம் கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அவள் பொறுப்பு. வழி காட்ட மரங்களில் கட்டிய ஆரஞ்சு ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வருவாள். கடைசி ஆளை முந்தக் கூடாது, தனியாக விடவும் கூடாது. அது விதி. அந்த விதியை எழுதியவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொள்வான். பல் டாக்டர் சம்மதிக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

முதல் போட்டியில் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து, நிஜமாகவே கடைசியாக வந்தான். பாதி ஏரி பேசிக்கொண்டே நடந்தார்கள். தனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது அப்பாதான் என்று அவள் சொன்னாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்னென்ன வேண்டிக்கொள்வார்கள் என்று அவன் சொன்னான்.

இரண்டாவது போட்டியில் பிய்வதற்கு எதுவும் இல்லாததால் நடித்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சிரித்தாளே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கல்யாணப் பேச்சை எடுப்பதென்றால் இன்றைக்குத்தான் எடுக்க வேண்டும், இந்த ஏரி தீர்வதற்குள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், அவனுக்குப் பின்னால் இன்னொருவர் இல்லாமல் இருந்திருந்தால்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். புத்தம் புது ஷூ. ஏரியை விலை பேச வந்தவர் போலக் கரையை நின்று நின்று பார்த்தார். அவன் லேஸ் கட்டினால், அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அவன் ஒரு கொக்கை வேடிக்கை பார்த்தால், அவரும் அதே கொக்கைப் பார்த்தார். கொக்குதான் கூச்சப்பட்டுப் பறந்துபோனது.

தூரத்தில், மரங்களுக்கிடையே, பல் டாக்டர் ஒரு ரிப்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க முன்னாடி போங்க சார்.”

“வயசுப் பையன், நீங்க போங்க தம்பி. என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“அப்ப ஏத்தம் இறக்கம் எல்லாம் பழக்கம்தான்.”

வீட்டில் யார் யார், சமைக்க வருமா, கோபம் வருமா என்று வரிசையாக வந்தது. ஓடும்போது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கேள்வி கேட்கும்போது மட்டும் வாங்கவில்லை.

மரப்பாலம் தாண்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் தண்ணீர் கொடுத்தான். காலை நீவிவிட்டான். தன் பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுத்தான். எல்லாம் சுயநலம்தான். மனிதர் எழுந்து முன்னால் போய்த் தொலைந்தால் போதும்.

“முடியல தம்பி,” என்றார், கடைசி பிஸ்கட்டையும் முடித்துவிட்டு.

இந்தக் கரையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. முதலுதவிக்காரர்கள் இருப்பது முடிவுக் கோட்டில். அவன் ஓடிப்போய்ச் சொன்னால், பல் டாக்டர் இவருக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவாள். கடைசி ஆள் இவர்தானே. பேச்சும் கல்யாணமும் இந்தப் பாறையோடு சரி.

திரும்பிப் பார்த்தான். அவள் இன்னும் அதே ரிப்பனில்தான் இருந்தாள்.

முழங்காலைப் பார்த்தான். வீங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் முடியவில்லை என்றால் முடியவில்லைதான். வெளியே நின்றுகொண்டு அதில் சந்தேகம் கேட்பது தொழில் தர்மமில்லை.

லேஸை இறுக்கி இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டான்.

“அசையாதீங்க சார். பின்னாடி வர்றவங்க பாத்துக்குவாங்க. இதோ, ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

ஓடினான். வார நாள் ஓட்டம். வேர், கல், சேறு எல்லாம் காலுக்கு மனப்பாடம். மனசு மட்டும் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தது.

பாதி மேடு ஏறியிருப்பான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

புது ஷூ. தொப்பியைக் கையில் பிடித்தபடி, முழங்கால்வலி என்ற ஒன்றையே கேள்விப்படாதவர் போல அவர் வந்துகொண்டிருந்தார். மேல்மூச்சும் இல்லை, கீழ்மூச்சும் இல்லை.

“நீங்க மெதுவாவே வாங்க தம்பி,” என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார்.

அவன் நடுப்பாதையில் நின்றான். இப்போது ஏரியில் கடைசி ஆள் அவன்தான்.

கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். அவ்வளவு நேரம் அவிழாத ரிப்பன் ஒரு வழியாகப் பைக்குள் போயிருந்தது. அவன் தலைக்கு மேலே கிளையில் இருந்த அடுத்ததை அவள் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

“எங்கப்பா என்ன சொன்னார்?”

“மெதுவா வரச் சொன்னார்.”

அவன் குனிந்து, இரட்டை முடிச்சை அவிழ்த்தான்.