ஏழாவது தூணின் பொட்டு

லண்டன் ஸ்ட்ரெதமில் மகளோடு இருக்கும் இராசரத்தினத்துக்குப் பிரான்சிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் வந்தது. அவர் பதினெட்டு வருடம் மரக்கறி விற்ற பழைய சந்தை மண்டபத்தின் வரலாறு அது. மண்டபத்தைப் புதுப்பித்த நகரசபை, முன்னாள் வியாபாரிகள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தது.

இருபத்துநான்கு இரும்புத் தூண்களில் ஏழாவதன் அடியில் அவர்களுடைய கடை. மனைவி கிருபாலினி கடை திறக்குமுன் அந்தத் தூணுக்குக் குங்குமப் பொட்டு வைப்பாள்.

“எங்களையும் சேர்த்துத்தானே தாங்குது, இருக்கட்டும் விடுங்கோ” என்பாள்.

மகள் லக்‌ஷிகா பக்கங்களைப் புரட்டினாள். 1893இல் கட்டடக் கலைஞர் வரைந்த படத்தில் ஏழாவது தூணில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. 1921ஆம் ஆண்டின் புகைப்படத்தில் அது கறுப்பாக இருந்தது. போன வருடம் புதுப் பெயின்ட் அடித்தபின் எடுத்த படத்திலும் இருந்தது. ‘காரணம் தெரியவில்லை’ என்று கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள்.

“அப்பா, இது அம்மா வைக்கிற பொட்டெல்லோ?”

“ஓம்.”

“இந்த ஒரு படத்தில மட்டும் காணேல்லை. 2016, மார்ச் எட்டு.”

சொல்லிவிட்டு அவள் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்று காலை, நகரசபை அதிகாரி புகைப்படக்காரரோடு வருகிறார் என்று இராசரத்தினம்தான் ஈரத்துணியால் தூணின் பொட்டைத் துடைத்தார். கிருபாலினி குங்குமச் சிமிழை மூடி வைத்தாள். மத்தியானம் தூணடியில் விழுந்தவள் பிறகு எழும்பவில்லை.

படத்தில் அவள் தூணோடு சாய்ந்து நின்று சிரிக்கிறாள். அவள் நெற்றியிலும் பொட்டில்லை.

அவர் துடைத்தது தூணை மட்டும்தான்.