பன்னிரண்டு மணிக் கோடு

மணி பன்னிரண்டு இருபது. கோடு வரவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. வராமல் இருக்க நியாயமே இல்லை.

டிபன் பாக்ஸைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பதி–சித்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ரேடார் நிலையம். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டால் நான் ஒருத்திதான். நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்து மின்துகள்களின் எதிரொலி பகலில்தான் கிடைக்கும். அதைக் கண்காணிப்பது என் வேலை.

அந்த எதிரொலிக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு முன் ஒரு கோடு விழ ஆரம்பித்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, இரண்டே நிமிடம், திரையை மேலிருந்து கீழ்வரை கிழித்துக்கொண்டு.

எங்கள் தலைமை விஞ்ஞானி முரளிதரன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மேலே சூடு இடம் மாறுவதன் புது அடையாளம் என்றார். கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார்.

நான்தான் மூன்று மாதப் பதிவுகளைப் புரட்டினேன். சனிக்கிழமைகளில் மட்டும் கோடு இல்லை.

வானத்துக்கு ஏது சனிக்கிழமை? இது சனிக்கிழமை பகல் பட்டினி கிடக்கிற யாரோ ஒரு பெருமாள் பக்தர் வீட்டுச் சமையலறை மின்சாதனம் என்று சாரிடம் சொன்னேன். சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நிலையத்து வேலி ஓரமாகவே ஸ்கூட்டரில் போய் ஆளைக் கண்டுபிடித்தேன். ஆதிகேசவன், எழுபத்தெட்டு வயது. மனைவி போய் நான்கு வருடம். மகனுக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை. வாயில் ஒரு பல்கூட இல்லை. சோற்றையும் குழம்பையும் மிக்சியில் அரைத்துக் குடிப்பார். மனைவி காலத்து மிக்சி. ஆறு மாதமாக, ஓடும்போது உள்ளே பொறி பறக்கிறதாம். அந்தப் பொறி கிளப்பிய மின் இரைச்சலைத்தான் நாங்கள் வானம் என்று நினைத்துவிட்டோம்.

வேறு நேரத்தில் அரைக்கச் சொல்லத்தான் போனேன். விஷயத்தை விளக்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ நான் துன்றது தெனிக்கும் உங்க மிசின்ல தெரியுதாம்மா?"

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த இரண்டு நிமிடத்தை நானே பதிவிலிருந்து வெட்டிவிடுகிறேன். கோடு விழுந்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். கூட ஒருவர் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

வானத்தில் நாங்கள் பார்க்கிற உயரத்துக்கும் மேலே போனால் எழுநூறு, எண்ணூறு டிகிரி சூடு. ஆனால் ஒரு துகள் இன்னொன்றை முட்ட கிலோமீட்டர் கணக்கில் அலைய வேண்டும். அங்கே கையை நீட்டினாலும் சூடு உறைக்காது. சூடு இல்லாமல் இல்லை, கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆள் போதாது. நகரியில் பத்துப் பேர் இருந்த வீட்டை விட்டு வந்த என் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான்.

பன்னிரண்டு இருபத்தைந்து.

வேலையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. ஆதிகேசவன் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்சி ஜாரில் சோறு அரைபடாமல் இருந்தது.

"ஏன் தாத்தா இன்னிக்கி மிக்சி போடல?"

"சும்மாதாம்மா. யார்னா வராங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தேன்.

"போன வருசம் போனை எடுக்காம இப்டித்தான் பாத்தேன்," என்றார். "எம்புள்ள வர மூணு நாளு ஆச்சு. நீ அர மணில வந்துட்டியே."

போய் மிக்சியைப் போட்டேன்.

நிலையத்தில் இப்போது கோடு விழுந்திருக்கும். பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.