வரிக்கு வந்த கூரை

ஆமத்தூரில் உச்சி வெயில். வீட்டு வாசலில் நான்கு கம்புகளுக்கு மேல் இழுத்துக் கட்டிய பழைய பேனரின் நிழலில், மாரிசெல்வி பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். பசை ஒட்டிய விரல்கள் நிற்கவில்லை. வரி அலுவலர் அளவு நாடாவின் ஒரு முனையைக் கம்பில் மாட்டிவிட்டு, நாட்டின் எல்லையையே அளப்பவர் போலப் பின்னால் நகர்கிறார். வியர்வையைத் துடைக்க மட்டும் அதே நிழலுக்குள் ஒதுங்குகிறார். "கூரை இருக்கு. அடியில தொழில் நடக்குது. அப்ப இது வணிகக் கட்டடம்மா. வரி ரெண்டு மடங்கா வரும்."

"மேல கொஞ்சம் பாருங்க சார்."

பார்க்கிறார். 'வரி செலுத்துவோம், ஊரை உயர்த்துவோம்' என்கிறது கூரை. மூலையில் கைகூப்பிச் சிரிப்பவர் அவரேதான்.

"ஆடிக் காத்துல உங்க ஆபீசு வாசல்ல பிஞ்சு கெடந்துச்சு. குப்பை, தூக்கிட்டுப் போன்னு நீகதான் சொன்னீக. இன்னைக்குக் கட்டடம்ங்கிறீக."

அலுவலர் பார்வையை அளவு நாடாவுக்கு இறக்குகிறார். "விதின்னு ஒண்ணு இருக்குல்லம்மா. கூரைன்னா கூரைதான்."

மாரிசெல்வி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். அவசரமே இல்லாமல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். படத்திலிருக்கும் அலுவலர் கூப்பிய கை கலையாமல் புழுதியில் சரிகிறார். நேரில் நிற்பவரின் வழுக்கையில் வெயில் பளீரென்று வந்து உட்காருகிறது. அவள் திரும்பவும் அதே இடத்தில் சம்மணமிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த காகிதத்தை எடுக்கிறாள்.

"இப்ப அளங்க சார். வெயிலுக்கும் வரி இருந்தா அதையும் சேத்து எழுதிக்கோங்க."