குற்றவாளி ஆகார்

சட்ட வரைவுக் குழு அறையின் நீளமான மேசையில் மதிய வெயில் பாதிவரை வந்து நிற்கிறது. தையல்காரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்க அங்குள்ள எழுத்தர் கேட்ட பணத்தைக் கொடுத்தேன் என்று இப்போதுதான் எல்லோர் முன்னாலும் சொல்லி முடித்திருக்கிறார். லஞ்ச ஒழிப்புச் சட்ட வரைவில் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே சிறை என்றுதான் இருக்கிறது. அது தெரிந்தேதான் வந்திருக்கிறார். "வாயைக் கொடுத்து மாட்டிக்காதே" என்று கணவர் வாசல்வரை வந்து சொல்லியும் கேட்கவில்லை. மின்விசிறி கரகரக்கிறது. கைப்பையில் பிரிந்திருக்கும் தையலை அவர் விரல் நெருடிக்கொண்டே இருக்கிறது. குழுத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"இந்தம்மாவையும் அந்த எழுத்தரையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரல. மாத்தி எழுதுங்க."

வரைவு எழுதும் பெண் அதிகாரி தட்டச்சு செய்கிறார், அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். பிறகு திரையைப் பார்த்துப் படிக்கிறார்: "வேறு வழியின்றிக் கொடுத்து, தாமே முன்வந்து தெரிவிப்பவர் குற்றவாளி ஆகார்."

"ஆகார்னா?"

"நீங்க குத்தவாளி இல்லன்னு அர்த்தம்க்கா. உங்கள மாதிரி மாட்டிக்கிட்டவங்க யாருமே குத்தவாளி இல்ல."

மகள் பிழைத்து வீடு வந்த அன்றுகூட முழுதாகச் சிரிக்க விடாமல் தையல்காரம்மாவின் நெஞ்சை உறுத்திய ஏதோ ஒன்று மெல்ல இறங்குகிறது. நன்றி சொல்லத்தான் வாய் திறக்கிறார். வார்த்தை வேறாக வருகிறது.

"இன்னொரு தடவை படிங்கம்மா."

அதிகாரி படிக்கிறார், இந்த முறை மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்தபடி.