இன்னும் ஆறு வாரம்

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஆன்லைன் செய்முறை வகுப்பை வறுத்தெடுத்திருந்தார்கள். லேபுக்குப் பதிலாக, தலையணையையோ வீட்டில் ஒருவரையோ படுக்கவைத்துப் பயிற்சி செய்து வீடியோவில் காட்ட வேண்டிய வகுப்பு அது.

பிசியோதெரபி விரிவுரையாளர் நிர்மலா, மாணவர்களின் கருத்துப் படிவங்களைச் சிரித்துக்கொண்டே புரட்டினாள்.

'தலையணைக்கு ஏது மேடம் தசை?' என்றது ஒரு படிவம். 'ஒரு வீடியோவுக்குப் படுக்க என் தங்கச்சி ரெண்டு பரோட்டா கேக்கறா' என்றது இன்னொன்று. 'வீராம்பட்டினத்துல நெட் நின்னுபோச்சு. திரும்ப வர்ற வரைக்கும் மாமா கால் அந்தரத்துலயே இருந்துச்சு' என்றது வேறொன்று.

ஒரே ஒரு படிவம் மட்டும், 'இன்னும் ஆறு வாரம் நடத்துங்க' என்றது. மற்றவர்கள் பேரே போடவில்லை. இந்த மகானுபாவன் ரோல் நம்பரோடு கையெழுத்தே போட்டிருந்தான். தல்ஹா.

நன்றாகப் படிக்கிற பையனாயிற்றே! அவனுக்கும் வீட்டுச் சுகம் கண்டுவிட்டது போல. நிர்மலாவுக்குச் சுள்ளென்று வந்தது. கூப்பிட்டு அனுப்பினாள்.

"வீட்ல படுத்துக்கிட்டே பட்டம் வாங்கிடலாம்னு பாக்கறியா?"

"இல்ல மேடம். தொட்டுக் கத்துக்கறதுதான் சரி."

"அப்புறம் ஏன் இப்படி எழுதுன?"

தல்ஹா பின்னந்தலையைச் சொறிந்தான்.

"அம்மாவுக்காக மேடம். என் வீடியோவுல வர்றது அவங்கதான். நெஜமாவே தோள் இறுகிப் போயிருக்கு. ஆஸ்பத்திரியில சொன்ன எக்சர்சைஸை, வலிக்குதுன்னு ஒரு நாள்கூட செய்யல. தட்டாஞ்சாவடி கம்பெனியிலேர்ந்து வந்ததும், 'போடா பெரிய டாக்டரு'ன்னு படுத்துடுவாங்க."

"சரி..."

"வீடியோ அனுப்பலன்னா என் மார்க் போயிடும்னு சொன்னேன். அன்னிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு செய்யறாங்க. இப்ப கை காது வரைக்கும் வருது மேடம். கிளாஸ் முடிஞ்சுதுன்னா நிறுத்திடுவாங்க."

நிர்மலா படிவங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"உங்கம்மா ஒருத்தருக்காக மத்தவங்க எல்லாம் தலையணையைப் பிசையணுமா? திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாரும் லேபுக்கு வரணும். அவ்ளோதான்."

அவன் முகம் வாடிவிட்டது. "சரி மேடம்" என்று திரும்பினான்.

"நில்லு. அம்மா நம்பரைக் குடு."

அவன் எதிரிலேயே போன் போட்டாள். குரலை வேண்டுமென்றே கறாராக்கிக்கொண்டாள்.

"தல்ஹா அம்மாவா? காலேஜ்லேர்ந்து நிர்மலா பேசறேன். மத்த பசங்களுக்கெல்லாம் ஆன்லைன் கிளாஸ் முடிஞ்சுதும்மா. உங்க பையன்தான் ரொம்ப வீக்கு. இன்னும் ஆறு வாரத்துக்கு தினமும் வீடியோ வரலன்னா, நான் பாஸ் போட மாட்டேன்!"