அணைந்து போகும் மீட்டர்

சூசைரட்ணம் மாஸ்டர் தன் பழைய காரை மூன்றாவது முறையாக ஹட்டனில் மக்பூல் நானாவின் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் சூட்டைப் பச்சை இலக்கத்தில் காட்டும் டிஜிட்டல் மீட்டரை மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது மறுபடியும் அணைந்துவிட்டது.

"எந்த நேரத்துல சேர் அணையுது?"

"நான் தனியா போனா நல்லா வேலை செய்யுது நானா. இவ ஏறினாத்தான் அணைஞ்சு போகுது. பாரம் கூடுதோ என்னவோ!"

முன் சீட்டில் இருந்த மனைவி பெற்றீசியா முறைத்தாள். மாஸ்டர் நைஸாகத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நழுவினார்.

பேட்டரி சரி. பியூஸ் சரி. கடைசியாக மக்பூல் பெற்றீசியாவின் காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வயர் ஒன்று கழன்று தொங்கியது.

"தங்கச்சி, இது தானா கழரல்லியே?"

"நான்தான் நானா கழட்டுறேன்" என்றாள் அவள் மெதுவாக. "இவரு ரோட்டையே பாக்குறதில்ல. அந்த இலக்கத்தையே பாத்துக்கிட்டு ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறப்ப வட்டகொடை வளைவுல கார் தேயிலைக்குள்ள எறங்கிருச்சு!"

மக்பூல் தாடியைச் சொறிந்தார். மாஸ்டர் திரும்பி வருவதற்குள் மீட்டரைக் கழற்றி, பெற்றீசியாவின் முகத்துக்கு நேராகப் பூட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் எஞ்சின் சூடு ஒத்துக்கல்ல சேர். இனி அணையாது."

மாஸ்டர் சந்தோஷமாகக் காரைக் கிளப்பினார். வாசலைத் தாண்டுமுன்னே பெற்றீசியாவின் அலறல் கேட்டது.

"ஏங்க, எழுபத்தொண்ணு எழுபத்திரெண்டாயிருச்சு! நிப்பாட்டுங்க!"