ஒன்பது பூவுக்கு ஒரு வழி

சுவர்ப் பொந்தில் குடியிருந்த இரண்டு கொசுத்தேனீக்களில் மூத்ததற்கு வீண் அலைச்சல் என்றாலே ஆகாது. இரண்டு நாள் அடைமழையில் பொந்துக்குள் குஞ்சுகள் பட்டினி. மழை விட்ட காலையில் கீழே தோட்டத்தில் ஒன்பது பரங்கிப்பூக்கள் விரிந்திருந்தன.

"வா அக்கா, வெயில் ஏறினால் எல்லாம் மூடிக்கொள்ளும்" என்றது இளையது.

"பொறு. எந்தப் பூ முதலில், எது அடுத்தது என்று மாற்றி மாற்றிப் போட்டால் லட்சத்துக்கு மேல் வழி வருகிறது. அதில் ஆகக் குறுகியது எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புவோம்."

இளையது பொறுக்கவில்லை. கண்ணில் பட்ட பூவுக்குப் போனது. அங்கிருந்து பக்கத்துப் பூ. விட்டுப்போன ஒன்றுக்காக அதே வேலியை மூன்று தரம் தாண்டியது. வாசலில் உட்கார்ந்திருந்த மூத்தது தலையில் அடித்துக்கொண்டது.

வெயில் ஏறி ஒரு பூ மூடியது. மூத்ததற்கு ஒரே சந்தோஷம். எட்டுப் பூவுக்குக் கணக்கு எவ்வளவோ சுலபம். இன்னும் மூன்று மூடின. இன்னும் சுலபம்.

இளையது கால் நிறைய மகரந்தத்தோடு வந்து குஞ்சுகளுக்கு ஊட்ட உட்கார்ந்தது.

"ஒரே வேலியை மூன்று தரமா தாண்டுவாய்?"

"ஆமாம் அக்கா, இறக்கையெல்லாம் வலிக்கிறது. நீ வழி கண்டுபிடித்துவிட்டாயா?"

மூத்தது எட்டிப் பார்த்தது. கடைசிப் பூவும் மூடிவிட்டிருந்தது.

"பிடித்துவிட்டேன். ஒரு சாண்கூடப் பறக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, இளையது கொண்டுவந்ததில் தன் பங்குக்குக் காலை நீட்டியது.